உங்கள் பட்டியலில் என் ஆயாவின் கிரையப் பத்திரம் இல்லை

தமிழில் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் எவரும் இரண்டு அறிவுரைகளிலிருந்து தப்ப முடியாது. ஒன்று, 'நிறைய வாசியுங்கள்.' இன்னொன்று, 'அவசரப்படாதீர்கள்.' எழுதுபவர் சேரியிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிட்டால் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்: 'உங்கள் வலியை எழுதுங்கள்.' மூன்றும் அன்போடுதான் சொல்லப்படுகின்றன. அந்த அன்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எனக்கு வயது 32. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் பஞ்சமி நிலங்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். 211 பக்கம் ஆகியிருக்கிறது. அச்சில் வந்த புத்தகம் ஒன்றும் கிடையாது. ஆகவே இலக்கிய உலகின் கணக்குப்படி நான் ஒரு அமெச்சூர். இந்தச் சொல்லில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தமிழ் நாவலே அமெச்சூர்கள் வளர்த்த பயிர்தான். 1879இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலை பார்த்தவர். பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார். டி.செல்வராஜ் வழக்கறிஞர். இமையமும் பாமாவும் பள்ளி ஆசிரியர்கள். சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். தமிழில் நாவல் எழுதி மட்டுமே சோறு தின்றவர்களை எண்ண ஒரு கையே அதிகம். எல்லோரும் மிச்சப்பட்ட நேரத்தில் எழுதியவர்கள். கேள்வி, யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சப்படுகிறது என்பதுதான்.

என் கதையைச் சொல்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வாரத்தில் நான்கு நாள் போகிறேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. உட்கார இடம் கிடைக்கும், நோட்டைத் திறக்கலாம். தாம்பரத்தில் கூட்டம் ஏறிவிட்டால் மூடிவிட வேண்டும். மாலையில் திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன், ஏனென்றால் ஆய்வு உதவித்தொகை வந்து ஏழு மாதமாகிறது. என் நாவலின் அத்தியாயங்கள் எல்லாம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கின்றன, இது ஒரு உத்தியா என்று ஒரு நண்பர் கேட்டார். உத்தி இல்லை, தாம்பரம்.

சென்ற ஆண்டு ஒரு நாவல் பட்டறைக்குப் போயிருந்தேன். இரண்டு நாள், சாப்பாட்டோடு. முதல் நாள் காலையிலேயே கையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். 'நாவல் எழுதும் முன் வாசிக்க வேண்டிய 100.' ருஷ்யாவிலிருந்து இத்தனை, பிரான்சிலிருந்து இத்தனை, லத்தீன் அமெரிக்காவிலிருந்து இத்தனை, தமிழிலிருந்து இருபது. அந்த இருபதில் தலித் எழுத்தாளர் ஒருவர். நடத்தியவர் என் கையெழுத்துப் பிரதியில் மூன்று பக்கம் பார்த்துவிட்டு, "மொழி இன்னும் கூடிவரல. ஜானகிராமனை வாசிங்க" என்றார். "வாசிச்சிருக்கேன் சார்" என்றேன். "திரும்ப வாசிங்க" என்றார்.

தி.ஜானகிராமன் மீது எனக்கு ஒரு வழக்கும் இல்லை. காவிரிக் கரையின் பேச்சை அவரைப்போல் காதில் வாங்கியவர் குறைவு. ஆனால் பாலாற்றங்கரைச் சேரியில் 1974இல் நடக்கும் ஒரு கதைக்கு, அதுவும் பேச்சே பிரச்சினையாக இருக்கும் ஒரு கதைக்கு, மருந்து கும்பகோணத்தில் கிடைக்கும் என்று ஒருவர் யோசிக்காமல் சீட்டு எழுதுகிறார் என்றால், அவர் வாசிக்கச் சொல்லவில்லை. காத்திருக்கச் சொல்கிறார். முதலில் தகுதி பெறு, பிறகு வா. இந்த வாக்கியத்தை நமக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி வாசலிலும் வேலை வாசலிலும் கேட்டுக் கேட்டுப் புளித்த வாக்கியம். இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் 'தகுதி, திறமை' என்று கத்துகிறவர்களைக் கண்டால் கொதிக்கும் நம் முற்போக்கு எழுத்தாளர்கள் பலர், நாவலுக்கு வந்தவுடன் அதே நுழைவுத்தேர்வைத் தாங்களே நடத்துகிறார்கள். வினாத்தாள் மட்டும் தஸ்தயேவ்ஸ்கியிலிருந்து வருகிறது.

தேர்வு எல்லோருக்கும் இல்லை என்பதுதான் வேடிக்கை. நிலவுடைமைச் சாதி இளைஞர் ஒருவர் தன் ஊர்த் திருவிழாவையும் தாத்தாவின் மாட்டுவண்டியையும் வைத்து முதல் நாவல் எழுதினால், 'மண்ணின் மணம்', 'இயல்பான கதைசொல்லி' என்று மதிப்புரை வரும். அவர் என்ன வாசித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு இயல்பு போதும். நமக்குப் பயிற்சி போதாது.

வாசிப்புக்கு எதிராக நான் பேசுகிறேன் என்று அவசரப்பட்டு யாரும் முடிவுகட்ட வேண்டாம். அம்பேத்கரின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் எவரும் வாசிப்புக்கு எதிராகப் பேச முடியாது. தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம், மனிதர்கள் குடியிருக்க எவ்வளவு இடமோ அதைவிடப் புத்தகங்களுக்கு அதிக இடம் ஒதுக்கிய வீடு. 1917இல் லண்டனிலிருந்து திரும்பும்போது தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் உலகப் போரில் கடலோடு போயின. அதே ஆண்டு பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகும் வாங்கினார், வாசித்தார். ஆனால் எப்படி வாசித்தார்? வழக்கறிஞர் வாசிப்பதுபோல. எதிர்த்தரப்பின் ஆவணங்களை எதிர்த்தரப்பைவிட நுணுக்கமாக வாசித்தார். சாஸ்திரங்களை ரசிப்பதற்காக அவர் திறக்கவில்லை, குறுக்கு விசாரணை செய்யத் திறந்தார்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1920களில் மெம்ஃபிஸ் நகரில் வேலை பார்த்தபோது அந்த நகர நூலகத்தில் கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை. உடன் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரரின் நூலக அட்டையை இரவல் வாங்கி, அவர் எழுதிக் கொடுத்ததுபோல் ஒரு துண்டுச்சீட்டைத் தானே தயாரித்து, எடுபிடிப் பையனாக நடித்துப் புத்தகம் எடுத்துவந்தார். தன்வரலாறான 'கறுப்புப் பையன்' நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். கள்ளச்சீட்டில் எடுத்த புத்தகத்தை ஒருவன் எப்படி வாசிப்பான் என்று யோசித்துப் பாருங்கள். எது வேண்டுமோ அதை மட்டும் உருவிக்கொள்வான். முழுமையான ரசனைக் கல்வி அவனுக்குக் கட்டுப்படியாகாது.

எங்கள் ஊரிலும் நூலகம் உண்டு. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி கட்டினார்களே, அதில் ஒன்று. நல்ல திட்டம். கட்டடம் ஊர்த்தெருவில், கோயிலுக்கு இரண்டு வீடு தள்ளி நின்றது. எங்கள் தெருப் பிள்ளைகள் போகக்கூடாது என்று யாரும் பலகை மாட்டவில்லை. சாவி ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் போய் நின்று சாவி கேட்க வேண்டும். அவ்வளவுதான். நான் பள்ளி முடித்தவரை அந்தத் திண்ணையில் எங்கள் தெருவிலிருந்து யாரும் நின்றதில்லை.

ஆகவே டிசம்பர் மாதம் வந்தால் முகநூலில் புத்தக அடுக்குகளின் படம் போட்டு, 'இந்த ஆண்டு 112 நூல்கள்' என்று கணக்கு ஒப்பிக்கும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருவதில்லை, அசதிதான் வருகிறது. நான் மாதத்துக்கு இரண்டு நாவல் வாசித்தால் அதிகம். புதுப் புத்தகம் 500 பக்கம் என்றால் 600 ரூபாய் ஆகிறது. நூலகம், இரவல், திருவல்லிக்கேணி நடைபாதை என்றுதான் ஓடுகிறது. வாசிப்பதை ஒரு நோக்கத்தோடு வாசிக்கிறேன். ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாவலில் பாத்திரத்தின் சாதி எத்தனையாவது பக்கத்தில் வாசகருக்குத் தெரிகிறது, எதன் வழியாகத் தெரிகிறது என்று குறிப்பேன். பெயரா, தெருவா, அடுத்தவர் கூப்பிடும் விதமா, சாப்பாடா? செய்து பாருங்கள். எழுதியவர் தன் சாதியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றுமே சொல்லாமல் போவார், ஒரு கூடம், ஒரு ஊஞ்சல், ஒரு வெற்றிலைச் செல்லம் போதும். நம்மாட்கள் கதைக்குள் வந்தவுடன் தொழிலும் அழுக்கும் வாசனையும் முதல் வாக்கியத்திலேயே வந்து நிற்கும்.

பூமணியின் 'வெக்கை'யை இப்படித்தான் வாசித்தேன். 1982இல் வந்த நாவல். ஒரு சிறுவன் கொலை செய்துவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. அவன் என்ன சாதி என்று பலகை தூக்கிப் பிடிக்காமலே பூமணி கதையை நடத்திக்கொண்டு போகிறார். ஏன் ஓடுகிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள், காட்டில் என்ன தின்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. எங்கள் கல்லூரி நண்பர்களில் பலருக்கு 2019இல் அதைத் தழுவி 'அசுரன்' படம் வந்தபிறகுதான் பஞ்சமி நிலம் என்ற சொல்லே காதில் விழுந்தது. எனக்கு அந்தச் சொல் வீட்டில் கிடைத்தது.

இங்கேதான் என் வாசிப்புப் பட்டியலின் முதல் இடத்தில் இருக்கும் பிரதிக்கு வருகிறேன்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று அதில் சொன்னார். அடுத்த ஆண்டு, 1892இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்து ஆண்டுகள் விற்கவே கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருந்தது, நிலம் கைமாறியது. அதைக் கேட்கப் போனதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு அப்படி வந்தது 1 ஏக்கர் 16 சென்ட். 1974இல் போனது. ஆய்வுக்காக சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு அந்தக் கிரையப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். அன்று ரயிலில் அதை நான்கு முறை வாசித்தேன். தாம்பரத்தில் கூட்டம் ஏறியும் மூடவில்லை.

என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பத்திரத்தில் அவர் 'நான்' என்று பேசுகிறார். தன் குடும்பச் செலவுக்காகவும் கடன் பைசலுக்காகவும் மேற்படி நிலத்தைச் சுயநினைவோடு, முழுச் சம்மதத்தோடு விற்பதாகச் சொல்கிறார். ரொக்கத்தைச் சாட்சிகள் முன்னிலையில் பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். வாங்கியவர் இனி அதைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாகச் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவிக்கட்டும் என்று வாழ்த்துகிறார். புத்திர பௌத்திர பாரம்பரியம்! வாழ்நாளில் அந்த மூன்று சொற்களை அவர் வாய் உச்சரித்திருக்காது. கீழே கட்டைவிரல் ரேகை. அதன் பக்கத்தில், பத்திர வழக்கப்படி, அவருக்குக் கொடுக்கப்பட்ட பட்டம்: 'எழுதிக் கொடுத்தவர்.'

எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட முதல் புனைகதை அதுதான். தன்மை ஒருமையில் சொல்லப்பட்டது. கதைசொல்லி நம்பத்தகாதவர். ஆசிரியர், அந்தப் பத்திர எழுத்தர், முகம் காட்டாமல் ஒதுங்கி நிற்கிறார். நவீன நாவல் பற்றிய எந்தப் பட்டறையும் எனக்கு இதைவிடக் கூடுதலாகச் சொல்லித்தரவில்லை. ஒரு பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டு, அவள் சொல்லாததையெல்லாம் அவளே சொன்னதாக எழுதி, கடைசியில் அவள் ரேகையையும் வாங்கிவிடலாம். சட்டம் அதைச் செல்லுபடியாக்கும். 'உங்களைப் பாதித்த நாவல் எது?' என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கைநாட்டுக் காட்சியை நான் ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். ஒரு வடிவத்தில் வாங்குகிறவர் மீசையும் மிரட்டலுமாக வந்தார். சினிமா அவரைக் கூட்டிவந்திருந்தது. இன்னொன்றில் ஆயா அழுதார். ஆய்வுக்காக நான் பேசிய பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நிலத்தை எழுதி வாங்கியவரைப் பற்றிக் கேட்டால் அவர்களில் பலர், "நல்ல மனுசந்தாம்மா" என்றுதான் தொடங்குகிறார்கள். கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவர், ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தவர், ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் இட்லி வாங்கிக் கொடுத்தவர். அந்த இட்லியை ஐம்பது வருடம் கழித்தும் நினைவு வைத்திருக்கிறார்கள். எத்தனை இட்லி என்றுகூடச் சொன்னார் ஒரு மூதாட்டி. நாலு. என் ஏழாவது வடிவத்தில் இட்லி வந்தது, வில்லன் போனார். மிரட்டி வாங்கியிருந்தால் ஒரு தலைமுறைக்காவது கோபம் மிஞ்சியிருக்கும். இட்லி வாங்கிக் கொடுத்து வாங்கியதால் நன்றிதான் மிஞ்சியிருக்கிறது. இதை எழுதுவது கடினம். இந்தக் கடினத்துக்கு நூறு நாவல் பட்டியலில் நேரடியாக விடை இல்லை. இருந்தால் மகிழ்ச்சியோடு திருடியிருப்பேன்.

அடுத்தது பேச்சு. கரிசலுக்குக் கி.ராஜநாராயணன் அகராதி தொகுத்தார், கொங்குக்குப் பெருமாள்முருகன் தொகுத்தார். நெல்லைத் தமிழ், நாஞ்சில் தமிழ் என்றால் வாசகர் மரியாதையாக நிமிர்ந்து உட்காருகிறார். எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு என்ன கிடைத்தது? நகைச்சுவைக் காட்சி. 'கீது', 'வந்துகினு', 'இன்னா' என்ற சொற்களைத் தமிழ் சினிமா அறுபது வருடமாக ரிக்ஷாக்காரருக்கும் ரவுடிக்கும் எடுத்துக் கொடுத்து, சிரிப்பதற்கென்றே பழக்கிவைத்திருக்கிறது. என் நாவலில் ஒரு சாவு வீடு வருகிறது. தாய் தன் மகனின் உடலைப் பார்த்து, "இன்னாடா இப்டி படுத்துகினு கீற" என்கிறாள். வாசித்த ஒரு தோழி புன்னகைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் காதைப் பழக்கியவர்களைச் சொல்வேன். 'இப்படிப் படுத்திருக்கிறாயே' என்று மாற்றினால் அவள் சிரிக்கமாட்டாள். ஆனால் அந்தத் தாய் செத்துவிடுவாள்.

வட தமிழகத்துச் சேரிப் பேச்சை விழி.பா.இதயவேந்தனும் அழகிய பெரியவனும் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சிக்கலில் எனக்கு அதிகம் கைகொடுத்தது தெற்கிலிருந்து வந்த 'கருக்கு'. 1992இல் பாமா அதைப் பேச்சிலேயே முழுக்க எழுதினார். பாத்திரங்கள் மட்டும் சேரித் தமிழ் பேச, ஆசிரியர் மேலே நின்று எழுத்துத் தமிழில் விளக்கம் சொல்லும் ஏற்பாட்டை அவர் உடைத்தார். மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரைதான் நம் பேச்சு வேடிக்கைப் பொருள். கதையைச் சொல்கிறவரே அதில் பேசத் தொடங்கிவிட்டால் சிரித்துக்கொண்டே 200 பக்கம் ஓட்ட யாராலும் முடியாது. இதை ஒரு தொழில்நுட்ப முடிவாக யாரும் பேசுவதில்லை. 'கருக்கு' என்றால் வலி, கண்ணீர், சாட்சியம். அதன் கால ஓட்டம் முன்னும் பின்னும் போவதையும், ஒரே சம்பவத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வருவதையும் வடிவம் என்று சொல்ல ஏனோ வாய் வருவதில்லை. நம் எழுத்தில் வடிவம் இருந்தால் அது தற்செயல், இல்லாவிட்டால் அது நம் குறை.

'வலியை எழுதுங்கள்' என்ற அறிவுரைக்குப் பின்னால் இருப்பதும் இதே பார்வைதான். வலி நம்மிடம் கச்சாப்பொருளாகக் கிடைக்கிறது, அதைத் தோண்டிக் கொடுத்தால் போதும், மெருகேற்ற வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பதிப்பாளர் என்னிடம் கேட்டார், "இது உங்க சொந்த அனுபவமா? தன்வரலாறுன்னு போட்டா நல்லாப் போகும்." நாவல் என்றால் அச்சுச் செலவில் பாதி நான் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அம்பேத்கர் 1935-36 வாக்கில் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சில பத்துப் பக்கமே வரும் ஒரு நூல். அவர் மறைந்து பல காலம் கழித்து, 1990இல்தான் தனி நூலாக வந்தது. அதில் அவர் கண்ணீரைக் கேட்டு ஒரு வாக்கியமும் எழுதவில்லை. ரயில் நிலையம், வண்டிக் கூலி, தண்ணீர், தங்கும் அறை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைக்கிறார். நடந்ததை எப்படி அடுக்குவது என்று உட்கார்ந்து யோசித்தவரின் எழுத்து அது.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். என் நாவலில் ஆயாவின் நிலம் போனதற்கு அவருடைய அண்ணனும் ஒரு காரணம். அவர் குடிப்பார், தங்கையை அடிப்பார், சாட்சிக் கையெழுத்துப் போட்டதற்குப் பணம் வாங்கினார். அமைப்பில் இருக்கும் ஒரு தோழர் வாசித்துவிட்டு, "தோழர், இதை எதிரி கையில கொடுக்கணுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத் தமிழில் வயது அதிகம். சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' எழுதி, தலித் தலைவர் ஒருவரை வீட்டுக்குள் ஆணாதிக்கவாதியாகக் காட்டியபோது கேட்டார்கள். இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில், சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தைச் சேரியே எப்படி நடத்துகிறது என்று எழுதியபோது கேட்டார்கள். அன்று அவர்கள் இந்தக் கேள்விக்குப் பயந்திருந்தால் இன்று நமக்கு இரண்டு நாவல்கள் குறைந்திருக்கும். எதிரிக்கு நம் குறைகளைத் தெரிந்துகொள்ள நாவல் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு ஆண்களின் பலவீனத்தை வைத்துத்தான் அவர்கள் பத்திரம் எழுதி வாங்கினார்கள். நாவல் தேவைப்படுவது நமக்கு, அந்த அண்ணன்களை நம் வீட்டுக்குள் வைத்தே பேசுவதற்கு. குறையே இல்லாத மக்கள்தான் நியாயம் கேட்கலாம் என்றால், அது மறுபடியும் அந்த நுழைவுத்தேர்வுதான்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. என் ஆய்வேட்டில் நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்டியாக வேண்டும். நாவலில் ஆதாரம் காட்டினால் கதை செத்துவிடும். காலையில் சர்வே எண், மாலையில் ஆயாவின் மூச்சு. இரண்டு எழுத்தும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று என் நெறியாளர் கவலைப்படுகிறார். கெடுத்ததாகத் தெரியவில்லை. நிலப் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு மேலே வேறு மசியில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்த மை எந்தக் கிழமை வாங்கப்பட்டது என்று யோசிக்கும் பழக்கம் நாவலிலிருந்துதான் வந்தது.

முதல் நாவல் எழுதுகிறவருக்குப் பட்டியலைவிட அவசரமாகத் தேவைப்படுவது பிரதியை வாசிக்க ஒரு ஆள். எழுத்தாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலக்கியக் குடும்பத்து நண்பர்களுக்கும் அந்த ஆள் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறார். பட்டறைகள் சொல்லித்தராத வசதி இது. என் முதல் வாசகர் என் அம்மா. அவருக்கும் வாசிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்ட வேண்டும். ஒன்பதாவது வடிவத்தைப் படித்துக் காட்டினேன். ரேகை வைத்து முடித்ததும் எழுத்தர் துடைத்துக்கொள்ள ஒரு துணி நீட்டுகிறார் என்று எழுதியிருந்தேன். அம்மா அங்கே நிறுத்தினார். "ஏண்டி, துணி யாரு குடுத்தாங்க? உங்க ஆயா தலையிலதான் தொடைச்சிக்கும். எண்ண வச்ச தலையில மை சீக்கிரம் போவும்." அந்த வரியை ஜானகிராமனை நூறு முறை வாசித்தாலும் நான் அடைந்திருக்க மாட்டேன், ஜானகிராமனிடமே கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இப்போது நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். ஒருவர் செவிலியர், ஒருவர் கல்குவாரியில் கணக்கு எழுதுகிறவர், ஒருவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மாதம் ஒரு ஞாயிறு கூடி, ஆளுக்கு இருபது பக்கம் சத்தமாகப் படிக்கிறோம். படிப்பவர் பக்கத்தில் அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் விதி. கல்குவாரித் தோழர் எழுதுவது முழுக்க முழுக்க ஒரு காதல் கதை. சாதி என்ற சொல்லே அதில் இதுவரை வரவில்லை. இன்னும் நூறு பக்கம் பாக்கி இருக்கிறது என்கிறார். உங்கள் ஊரிலும் யாராவது ரகசியமாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் என்ன வாசித்தாய் என்று கேட்காமல், எதுவரை எழுதியிருக்கிறாய் என்று கேளுங்கள்.